ஆனர்ஸ் பட்டம் என்றால் உண்மையில் என்ன? தம்பி நான்காம் ஆண்டு படிக்கலாமா?

மரநிழல்

வணக்கம் நண்பர்களே. என் தம்பி இந்தியாவில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான். ஐந்து செமஸ்டர் முடிந்துவிட்டது. இப்போது கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறாயா, நான்காம் ஆண்டும் இருந்து ஆனர்ஸ் வாங்குகிறாயா என்று ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் சொல்லவேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஆனர்ஸ் என்றால் நிறைய மார்க் எடுத்தவனுக்குத் தரும் சிறப்பு, பதக்கம் மாதிரி என்கிறார் மாமா. அந்தக் காலத்தில் ஆனர்ஸ் படித்தவரை எம்.ஏ. படித்தவராகவே நடத்துவார்கள் என்கிறார் அப்பா. சித்தியோ, பிரபலங்களுக்குக் கொடுக்கும் கௌரவப் பட்டம்தானே அது, அதற்கு எதற்கு ஒரு வருடம் என்று கேட்கிறார். இங்கிலாந்தில் படித்த அத்தை பெண் "அங்கே மூன்றே வருடம், எங்கள் வகுப்பில் எல்லோருக்குமே ஆனர்ஸ்தான்" என்கிறாள்.

இதில் யார் சொல்வது சரி? தம்பிக்கு ஆராய்ச்சியில் ஆசை இருக்கிறது. ஆனால் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. அவனுடைய சராசரி இப்போது 73 சதவீதம்.

---

ஏட்டுச்சுவடி

சகோதரி, நான் பல வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவன். உங்கள் வீட்டில் நான்கு பேர் சொன்னதில் மூன்று பேர் சொன்னது சரி. சித்தி சொன்னது மட்டும் வேறு விஷயம்.

அதை முதலில் முடித்துவிடுகிறேன். படிக்காமல், தேர்வு எழுதாமல், ஒருவருடைய பொதுவாழ்வுச் சாதனைக்காகத் தருவது மதிப்புறு முனைவர் பட்டம். பத்திரிகைகளில் கௌரவ டாக்டர் பட்டம் என்று எழுதுவார்கள். ஆனர்ஸ் அதற்கு நேர் எதிர்: சாதாரணப் பட்டத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் படித்தோ எழுதியோ வாங்குவது. தமிழில் இரண்டுக்குமே "கௌரவம்" என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டதால்தான் இந்தக் குழப்பம். மொழிபெயர்த்த சான்றிதழில் "கௌரவ இளங்கலைப் பட்டம்" என்று பார்த்துவிட்டு, இது செல்லுமா என்று கேட்டு வந்த பெற்றோருக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

இனி மற்ற மூன்று. உலகத்தில் ஆனர்ஸ் என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருளில் ஓடுகிறது. சில இடங்களில் அது ஆழத்தைக் குறிக்கும். ஒரே பாடத்தை முதன்மையாக எடுத்து, மற்றவர்கள் மூன்று பாடத்தைத் தொட்டுப் போகும்போது இவர் ஒன்றில் இறங்கிப் படித்திருப்பார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ், பி.ஏ. புரோகிராம் என்று இரண்டு இருந்தது இந்த வகை. இரண்டுமே மூன்று வருடம்தான். சில இடங்களில் அது தரத்தைக் குறிக்கும், உங்கள் மாமா சொன்னதைப் போல. இன்னும் சில இடங்களில் அது காலத்தைக் குறிக்கும்: ஒரு வருடம் கூடுதலாக இருந்து, பெரும்பாலும் ஓர் ஆய்வேடு எழுதி வாங்குவது.

உங்கள் தம்பிக்கு வந்திருப்பது மூன்றாவது வகை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி). நான்கு வருட ஆனர்ஸுக்கு 160. ஆனால் அதற்குள்ளும் இரண்டு கிளை இருக்கிறது, இதைப் படிவத்தில் பலர் கவனிப்பதில்லை. ஒன்று வெறும் ஆனர்ஸ். மற்றது "ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்". இரண்டாவதில் சேர முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமாவது வேண்டும். அதில் 12 கிரெடிட் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் செய்யும் ஆய்வுத் திட்டத்துக்கு. வெறும் ஆனர்ஸில் அந்த 12 கிரெடிட்டுக்குப் பதில் மூன்று பாடங்கள் படித்துத் தேர்வு எழுதவேண்டும்.

எல்லா மாநிலங்களும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே தம்பியின் பல்கலைக்கழகம் அச்சிட்ட விதிமுறைப் புத்தகத்தைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நேர்கோடு

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த விண்ணப்பங்களில் ஆனர்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்ன தெரியும், என்ன செய்திருக்கிறாய் என்றுதான் கேட்போம். ஒரு வருடம் முன்னால் வேலைக்கு வந்தவனுக்கு ஒரு வருட அனுபவமும் சம்பளமும் இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி, தங்கைக்கு ஃபீஸ் கட்டவேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் போய் "இன்னும் ஒரு வருடம் படி, பெயருக்குப் பின்னால் ஆனர்ஸ் வரும்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன்.

---

கடல்காகம்

மரநிழல், உங்கள் அத்தை பெண் சொன்னது முழுக்க உண்மை. நான் ஸ்காட்லாந்தில் படித்தேன், என் மனைவி இங்கிலாந்தில். ஒரே நாட்டுக்குள்ளேயே எங்கள் இரண்டு பேருக்கும் கணக்கு வேறு.

இங்கிலாந்தில் பெரும்பாலான இளங்கலைப் படிப்பு மூன்று வருடம், 360 கிரெடிட், முடித்தால் ஆனர்ஸ். அங்கே அதுதான் வழக்கமான பட்டம். கடைசியில் கொஞ்சம் தவறிப்போய், ஆனால் 300 கிரெடிட் சேர்த்துவிட்டவருக்கு ஆனர்ஸ் இல்லாத சாதாரணப் பட்டம் தருவார்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வருடம் முடித்தால் சாதாரணப் பட்டம், நான்காம் வருடமும் முடித்தால், 480 கிரெடிட்டில், ஆனர்ஸ். அங்குள்ள பழைய பல்கலைக்கழகங்களில் கலைப் பாடத்துக்கு அந்த முதல் பட்டத்தையே எம்.ஏ. ஆனர்ஸ் என்பார்கள். அது முதுகலை இல்லை! நான் ஊருக்கு வந்தபோது எல்லோரும் நான் எம்.ஏ. முடித்துவிட்டேன் என்று வாழ்த்தினார்கள், ஒவ்வொருவருக்கும் விளக்கவேண்டியிருந்தது.

எல்லோருக்கும் ஆனர்ஸ் என்றால் அப்புறம் வித்தியாசம் எங்கே என்று கேட்பீர்கள். வித்தியாசம் அதற்குள் இருக்கும் வகுப்பில். பொதுவாக 70க்கு மேல் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, அதை 2:1 என்று எழுதி டூ-ஒன் என்று சொல்வார்கள். 50 முதல் 59 வரை கீழ்ப் பிரிவு, டூ-டூ. 40 முதல் 49 மூன்றாம் வகுப்பு. நம் ஊரில் 70 என்றால் சாதாரணமாகத் தெரியும். அங்கே மதிப்பெண் போடும் முறையே வேறு, 80க்கு மேல் பார்ப்பதே அரிது. பல இடங்களில் முதல் வருட மதிப்பெண் இந்தக் கணக்கில் சேராது, பின் வருடங்களுக்குத்தான் எடை.

நேர்கோடு, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பிரிட்டனில் பட்டதாரி வேலை விளம்பரங்களில் "2:1 அல்லது அதற்கு மேல்" என்ற வரியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் நண்பன் ஒருவன் 58இல் நின்றுபோனான். இரண்டு மதிப்பெண்ணுக்காக அவனுடைய விண்ணப்பங்களைத் திறந்துகூடப் பார்க்காத இடங்கள் இருந்தன. இந்த முறை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆனர்ஸ் என்ற சொல்லும் அதன் வகுப்பும் கதவு திறக்கும் சாவியாக இருக்கின்றன.

---

தூரதேசி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த ஒரு சொல்லால் எனக்கு ஒரு வருடம் போனது.

நான் இந்தியாவில் மூன்று வருட ஆனர்ஸ் படித்தவன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன முதல் வகை: ஒரே பாடம், ஆழமாக. சான்றிதழில் ஆனர்ஸ் என்றே அச்சிட்டிருக்கும். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இணையப் படிவத்தில் "ஆனர்ஸ் பட்டம் வைத்திருக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்தேன். பொய் இல்லையே, கையில் சான்றிதழ் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல். "உங்கள் ஆனர்ஸ் ஆய்வேட்டையும் அதன் மதிப்பெண்ணையும் அனுப்பவும்." என்னிடம் ஆய்வேடே இல்லை. நான் படித்த ஆனர்ஸில் அப்படி ஒன்று கிடையாது. விளக்கி எழுதினேன். அவர்கள் மறுபடி வேறு ஆவணம் கேட்டார்கள். இந்தப் போக்குவரத்து நடந்து முடிவதற்குள் உதவித்தொகைக்கான கடைசித் தேதி போய்விட்டது.

பிறகுதான் புரிந்தது. ஆஸ்திரேலியாவில் மூன்று வருடப் பட்டம் தனி. ஆனர்ஸ் என்பது பல பாடங்களில் அதற்கு மேல் தனியாகச் சேரும் நான்காவது வருடம். நல்ல மதிப்பெண் இருந்தால்தான் சேர்ப்பார்கள், வருடத்தில் பெரும்பகுதி ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வேடு எழுதுவதில் போகும். அந்த நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் சாதாரண இளங்கலை 7ஆம் நிலை, ஆனர்ஸ் 8ஆம் நிலை. அங்கே முதல் வகுப்பு ஆனர்ஸ் வாங்கியவர் முதுகலை படிக்காமலேயே முனைவர் பட்டத்துக்குப் போகலாம். பொறியியல் மாதிரிச் சில நான்கு வருடப் படிப்புகளில் ஆனர்ஸ் உள்ளேயே கலந்திருக்கும். நியூசிலாந்திலும் இதே மாதிரி ஏற்பாடுதான். தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸை முதுநிலைப் பட்டமாகவே வைத்திருக்கிறார்கள், அதுவும் 8ஆம் நிலை.

ஆக, நான் "ஆம்" என்று குறித்தபோது அவர்கள் கேட்டது வேறு கேள்வி. அந்த அலுவலகத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு என் ஊர் ஆனர்ஸ் தெரியாது, எனக்கு அவர்களுடையது தெரியாது. அடுத்த வருடம் விண்ணப்பித்தபோது ஒரு பக்கக் கடிதம் இணைத்தேன்: படிப்புக் காலம் எத்தனை வருடம், எத்தனை தாள், ஆய்வேடு உண்டா இல்லையா என்று. அந்தத் தடவை ஒரு கேள்வியும் வரவில்லை.

---

நிலாமுற்றம்

நான் இலங்கையில் படித்தவள். எங்களிடம் இதற்கு நல்ல தமிழ்ச் சொல்லே இருந்தது: பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம். முதலாம் வருடத்தில் எல்லோரும் ஒன்றாகப் படிப்போம். பிறகு பெறுபேற்றைப் பார்த்துத் துறைகள் தங்களுக்கு வேண்டியவர்களைச் சிறப்புக்குத் தெரிவு செய்யும். தெரிவானவர்கள் நான்கு வருடம், மற்றவர்கள் மூன்று வருடத்தோடு பொதுப் பட்டம். இப்போது இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு வந்த பிறகு "ஸ்பெசல்" என்ற சொல் போய் ஆங்கிலச் சான்றிதழ்களில் ஹொனர்ஸ் என்று வருகிறது. பொதுவான இளமாணிப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். ஹொனர்ஸ் 6ஆம் மட்டம், 120 கிரெடிட்.

கவனித்தீர்களோ? இந்தியாவில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120, எங்களிடம் நான்கு வருட ஹொனர்ஸுக்கு 120, இங்கிலாந்தில் மூன்று வருடத்துக்கு 360. கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு நாட்டையும் மற்ற நாட்டையும் ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு நாட்டுக் கிரெடிட்டுக்கும் பின்னால் இருக்கிற படிப்பு நேரம் வேறு.

எனக்குச் சிறப்பு கிடைக்கவில்லை. மிகச் சிறிய வித்தியாசத்தில் போனது. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய துக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. முதலாம் வருடம், பத்தொன்பது இருபது வயது, வீட்டை விட்டு முதன்முதலாக வந்து விடுதியில் இருந்த காலம். அந்த ஒரு வருடப் பெறுபேறு எங்கள் பாதையையே பிரித்துவிட்டது. என் தோழி சிறப்புக்குப் போய் ஆய்வேடு எழுதினாள். நான் பொதுப் பட்டத்தோடு ஆசிரியையானேன். பிறகு முதுமாணிக்கு (முதுகலைக்கு) விண்ணப்பித்தபோது எனக்கு முன்தகுதிப் படிப்பு ஒன்று கூடுதலாகச் செய்யச் சொன்னார்கள், அவளை நேரே எடுத்தார்கள். நான் செய்து முடித்தேன். ஆனால் மரநிழல் அக்கா, உங்கள் தம்பிக்கு இப்போது தெரிவு அவன் கையில் இருக்கிறது. எங்களுக்கு அது இருக்கவில்லை. அதனால் நன்றாக விசாரித்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

---

நேர்கோடு

நிலாமுற்றம், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. முதல் வருட மார்க்கை வைத்துப் பிரிப்பது கொடுமைதான்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் எம்.எஸ்சி. ஆக ஐந்து. நான்கு வருட ஆனர்ஸ் முடித்தவனுக்கு எம்.எஸ்சி. ஒரு வருடம்தான் என்கிறார்கள். அதுவும் ஐந்து. அப்படியிருக்க இந்த நான்காம் வருடத்தால் யாருக்கு என்ன லாபம்?

---

தொலைநோக்கி

நேர்கோடு கேட்டது இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி. நான் இப்போது ஆராய்ச்சி மாணவி, என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஐந்தும் ஐந்தும் சமம்தான், நீங்கள் எம்.எஸ்சி. வரை போவதாக இருந்தால். வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது. முனைவர் பட்டத்துக்கான 2022 விதிமுறைப்படி, நான்கு வருட இளங்கலையை 75 சதவீதத்தோடு முடித்தவர் முதுகலை இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் உள்ளிட்ட சிலருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அப்படிப் போகிறவருக்கு ஒரு வருடம் மிச்சம். மற்றது, வெளிநாட்டில் சில முதுகலைப் படிப்புகள் நான்கு வருட இளங்கலையை எதிர்பார்க்கின்றன. மூன்று வருடப் பட்டத்தோடு போனால் தனியாக விளக்கவேண்டிவரும்.

ஆனால் எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டும் இல்லை. அந்த வருடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான். நான் இளங்கலையில் எழுதிய ஆய்வேடு ஒரு சின்ன விஷயம், ஓர் உணரியின் அளவீட்டில் வெப்பநிலை எவ்வளவு பிழை உண்டாக்குகிறது என்பது. அதுவரை நான் செய்த ஒவ்வொரு செய்முறைக்கும் விடை முன்பே தெரியும். புவியீர்ப்பு முடுக்கம் புத்தகத்தில் 9.8 என்று இருக்கும், நமக்கு 9.6 வந்தால் எங்கே தப்பு செய்தோம் என்று தேடுவோம். முதன்முறையாக என் மேஜை மேல் விடை தெரியாத ஒரு எண் வந்தது. என் வழிகாட்டியிடம் "இது சரியா மேடம்" என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது, நீதான் சொல்லவேண்டும்" என்றார். அன்றைக்கு ராத்திரி பயத்தில் தூக்கமே வரவில்லை. மூன்று வாரம் அதே அளவீட்டை மறுபடி மறுபடி எடுத்தேன். கடைசியில் மின் இணைப்பு ஒன்று தளர்வாக இருந்ததைக் கண்டுபிடித்தேன்.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு ஆனர்ஸ். ஆராய்ச்சி எனக்கு ஒத்துவரும் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னோடு படித்த இன்னொருவர் அதே வருடத்தில் தனக்கு இது வேண்டவே வேண்டாம் என்று கண்டுகொண்டு நிம்மதியாக வேறு வேலைக்குப் போனார். இரண்டு பேருக்குமே அது வீண் போகவில்லை.

மரநிழல், அதனால் நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: நான்காம் வருடத்தில் தம்பிக்கு வழிகாட்டி யார்? ஒரு பெயர் இருக்கிறதா? அவர் எதில் வேலை செய்கிறார்? மூன்று பாடமும் மூன்று தேர்வும் மட்டும் என்றால், அதை எம்.எஸ்சி.யிலேயே படித்துக்கொள்ளலாம்.

---

ஏட்டுச்சுவடி

தொலைநோக்கி எழுதியதற்கு என் வணக்கம்.

மரநிழலின் அப்பா சொன்னதை இன்னும் யாரும் தொடவில்லை. அவர் சொன்னது அப்படியே சரி. பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் பள்ளி முடிந்ததும் இன்டர்மீடியட் என்ற முன்படிப்பு இரண்டு வருடம். அதற்குப் பிறகு பாஸ் பி.ஏ. என்றால் இரண்டு வருடம், ஆனர்ஸ் என்றால் மூன்று வருடம், ஒரே பாடத்தில். அந்த ஆனர்ஸை எம்.ஏ.வுக்கு இணையாக மதித்தார்கள்.

வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் ஓர் எடுத்துக்காட்டு. 1925இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார், 1930இல் இயற்பியலில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தார். மாணவராக இருக்கும்போதே, 1929இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது. அந்த ஆனர்ஸோடு நேரே கேம்பிரிட்ஜுக்குப் போய் 1933இல் முனைவர் பட்டம் வாங்கினார். நடுவில் எம்.எஸ்சி. இல்லை. இப்போது நான்கு வருட ஆனர்ஸிலிருந்து நேரே முனைவர் பட்டத்துக்குப் போகலாம் என்கிறார்களே, அதைப் புதுமை என்று பலர் பேசும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

இன்னொன்று. பொறியியலில் ஆனர்ஸ் வேறு மாதிரி. பி.இ., பி.டெக். படிப்பவர் வழக்கமான கிரெடிட்டுக்கு மேல் 18, 20 என்று கூடுதலாக எடுத்தால் ஆனர்ஸ் சேர்த்துத் தரும் இடங்கள் உண்டு. வருடம் கூடாது. பிலானியில் இருக்கும் பிட்ஸ் கல்வி நிறுவனத்தில் பி.இ. ஆனர்ஸ் என்பதே பட்டத்தின் பெயர்.

---

புலவன்பேரன்

மலேசியாவிலிருந்து ஒரு சின்னத் தகவல். எங்கள் அரசுப் பல்கலைக்கழகச் சான்றிதழில் "சர்ஜானா மூடா டெங்கான் கெபூஜியான்" என்று இருக்கும். கெபூஜியான் என்றால் ஆனர்ஸ். வேர்ச்சொல் பூஜி, பாராட்டு என்று பொருள். நம் பூஜை என்ற சொல்லோடு உறவுள்ள சொல். இங்கேயும் அது அநேகமாக எல்லா இளங்கலைப் பட்டத்திலும் வரும், இங்கிலாந்து வழி வந்த பழக்கம்.

---

மின்மினி

அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா "சும்மா கம் லாடே" வாங்கினாள். அதுவும் ஆனர்ஸா? நான் பள்ளி மாணவி, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

---

கடல்காகம்

தப்பே இல்லை மின்மினி. அது லத்தீன் சொற்றொடர், மிக உயர்ந்த பாராட்டோடு என்று அர்த்தம். கம் லாடே, மாக்னா கம் லாடே, சும்மா கம் லாடே என்று மூன்று படி, சும்மாதான் உச்சி. ஹார்வர்டில் 1869இலிருந்து இருக்கிறது. அக்காவுக்கு என் வாழ்த்து! அமெரிக்காவில் நான்கு வருடம் படித்தாலும் அது வெறும் இளங்கலைதான், ஆனர்ஸ் என்ற அடைமொழி தானாக வராது. நல்ல மதிப்பெண்ணுக்கு இந்த லத்தீன் பட்டம், துறையில் தனி ஆய்வேடு எழுதினால் துறை ஆனர்ஸ், இன்னும் சில இடங்களில் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கென்று தனி ஆனர்ஸ் கல்லூரி என்று பல வழி.

பேச்சு வரலாற்றுக்குப் போனதால் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்புப் பட்டியல்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வளர்ந்தவை. 1808இல் ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கியவர் ராபர்ட் பீல், பிற்காலத்தில் பிரதமரானவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு ராங்ளர் என்று பெயர். எல்லோருக்கும் மேலே வந்தவர் சீனியர் ராங்ளர். 1909 வரை இந்த வரிசையைப் பெயரோடு வெளிப்படையாக அறிவித்தார்கள்.

1890இல் அந்தத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் எல்லோரையும் தாண்டினார். பெண்களின் பட்டியலைத் தனியாக வாசிப்பார்கள். அவர் பெயருக்கு நேரே "சீனியர் ராங்ளருக்கு மேலே" என்று அறிவித்தார்கள். ஆனால் அவருக்குப் பட்டம் தரவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948இல்தான். அவருக்கு ஆனர்ஸ் தேர்வின் உச்ச இடம் இருந்தது, பட்டம் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து, சான்றிதழில் இருக்கும் சொல்லும் ஒருவருடைய படிப்பும் ஒன்றுதான் என்று நினைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

---

மரநிழல்

எல்லோருக்கும் நன்றி. முழு இழையையும் தம்பிக்கு அனுப்பினேன். அவனே உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஐந்து செமஸ்டரில் 73. ஆறும் சேர்ந்து 75 வரவேண்டும் என்றால் கடைசி செமஸ்டரில் 85 எடுக்கவேண்டும். முயற்சி செய்கிறேன் என்றான். தூரதேசி எழுதியதைப் படித்துவிட்டு, விதிமுறைப் புத்தகத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்தான்.

அப்பாவுக்கு சந்திரசேகர் பற்றி வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லையே" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

---

தூரதேசி

புத்தகத்தின் அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விதிகள் மாறும். அவன் படித்த வருடத்தின் விதி என்ன என்று பிறகு யாராவது கேட்டால் காட்டவேண்டியிருக்கும்.

---

தொலைநோக்கி

வழிகாட்டி பற்றிக் கேட்டானா?

---

மரநிழல்

நேற்றுத்தான் கேட்டான். துறைத்தலைவர் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசியிருக்கிறார். இயற்பியல் துறையில் இந்த வருடம் ஆராய்ச்சிக் கிளை தொடங்கவில்லையாம். வழிகாட்டத் தகுதியுள்ள ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதனால் நான்காம் வருடம் இருந்தால் வெறும் ஆனர்ஸ்தான், மூன்று பாடத்தோடு. 85 எடுத்தாலும் அதே நிலைதான்.

தம்பி இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே வந்து சொன்னான்: மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு, இரண்டாம் ஆண்டு முழுக்க ஆய்வுத் திட்டம் வைத்திருக்கும் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறேன் என்று. அப்படி மூன்று துறைகளைப் பட்டியல் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறான்.

---

நேர்கோடு

நல்ல முடிவு. என் வாதம் ஜெயித்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் ஆட்களைத் தேடிப் போகிறான் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

---

தொலைநோக்கி

மரநிழல், அந்தப் பட்டியலில் உணரிகள், அளவீட்டியல் பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆய்வகத்தில் மாணவர்களைக் கருவியைத் தொடவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

---

மரநிழல்

அனுப்பிவிட்டான், பாருங்கள். ஒன்றுக்குப் பதில் நான்கு கேள்வி கேட்டிருக்கிறான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.